கடுக்காவின் இரண்டாவது ஊசி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குட்டி பிழைத்துவிட்டது. நாய் சாகிற கதை என்றால் நானே பாதியில் மூடி வைத்துவிடுவேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அது என் நாற்காலிக்கு அடியில், என் இடது கால் செருப்பைத் தலையணையாக வைத்துக்கொண்டு குறட்டை விடுகிறது. அந்தச் செருப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் கிராம சுகாதார செவிலியர். எங்களுக்கு வீடு கச்சிராயபாளையத்தில், எனக்கு வேலை கல்வராயன் மலையில். புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறுவேன். இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடை. எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி, எந்தத் தேதியில் என்பது பட்டியலில் இருக்கும். பட்டியலை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனாலும் மண்டையில் இருக்கும். தேதியைத் தவறவிட்ட தாய்மார்கள் நான் வருவதைப் பார்த்தால் மரவள்ளிக் கொல்லைக்குள் புகுந்துகொள்வார்கள். அப்படி ஒரு வாய் எனக்கு. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வாயை வைத்துத்தான் பிழைப்பு நடக்கிறது.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் ஒரு ஊசி தவறிப்போனது.

மலையில் அலமேலு என்று ஒரு பெண். கூலி வேலை, கடுக்காய் பொறுக்கும் காலத்தில் கடுக்காய் பொறுக்குவாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை. ஒன்றரை மாதத்தில் போட வேண்டிய முதல் ஊசியை நான்தான் போட்டேன். அன்று இரவு குழந்தைக்குக் காய்ச்சல் அடித்து, அழுது, மறுநாள் சரியாகிவிட்டது. அது ஊசி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், பயப்பட ஒன்றுமில்லை, காய்ச்சலுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் இரண்டாவது ஊசிக்கு அவள் குழந்தையைத் தூக்கிவரவில்லை. "எங்க வூட்டுக்காரரு வேணான்னுட்டாரு" என்று சொல்லிவிட்டாள். நான் அத்தனை பேர் முன்னால் வெளுத்து வாங்கினேன். ஒரு நாள் காய்ச்சலுக்குப் பயந்துகொண்டு பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறாயா, நீயெல்லாம் ஒரு தாயா என்ற அளவுக்குப் போய்விட்டேன். அவள் வீட்டுக்குள் போனாள். குழந்தையைத்தான் கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தாள்.

"கடுவன் குட்டியெல்லாம் ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கினு பூட்டாங்க. இது பொட்ட. ஒருத்தரும் தொடல. நீயே எடுத்துக்கினு போ நர்சம்மா. இல்லன்னா அவரு ரோட்டாண்ட கொண்டுபோய் வுட்டுடுவாரு."

சமாதானத்துக்குக் கொடுத்தாளா, என் வாயை அடைக்கக் கொடுத்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஐஸ் பெட்டி ஒரு தோளில், பை ஒரு தோளில், ரவிக்கைக்கும் முந்தானைக்கும் நடுவில் குட்டியைச் சுருட்டி வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மலை இறங்குகிற வளைவுகளில் அது என் மேல் இரண்டு தடவை ஒன்றுக்குப் போனது.

என் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். ஆலை ஓடாத மாதங்களில் வீட்டில் இருப்பார். குட்டியைப் பார்த்ததும், "இன்னாடி இது, காஞ்சுபோன கடுக்கா மாதிரி சுருங்கிக்கினு கெடக்குது?" என்றார். பெயர் அப்படியே நின்றுவிட்டது. வயிறு நிறைய ஆரம்பித்த பிறகு சுருக்கம் போய்விட்டது, பெயர் போகவில்லை. இரண்டே வாரத்தில் அது வீட்டுக்கு எஜமானி ஆகிவிட்டது. பொம்மை, பந்து என்று என் மகள் சென்னையிலிருந்து எதை எதையோ அனுப்பினாள். அதற்கு வேண்டியது என் செருப்பு மட்டும்தான். வேலை முடிந்து வந்து வாசலில் கழற்றிப் போட்டால் போதும், தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

கள்ளக்குறிச்சி கால்நடை ஆஸ்பத்திரியில் முதல் ஊசி போட்டோம். சின்ன வயது டாக்டரம்மா ஒருவர், மூன்று கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்து, முதல் கட்டத்தில் தேதி எழுதி, இரண்டாவது கட்டத்தில் பென்சிலால் அடுத்த தேதியைக் குறித்தார். "மறந்துடாதீங்கம்மா, மூணு வாரம்" என்றார். என்னிடமா சொல்கிறாய் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அட்டையைக் காலண்டருக்குப் பின்னால் செருகினேன். அட்டையைக் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டு என்று மலையில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்.

மறுநாள் கடுக்கா கொஞ்சம் சோர்ந்து படுத்திருந்தது. அவ்வளவுதான், ஆரோக்கியசாமி ஆரம்பித்துவிட்டார். "நல்லா ஆடிக்கினு இருந்தத ஊசி போட்டு சுருள வச்சுட்டியே." அதற்கு மறுநாள் அது எழுந்து செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த தடவை மலைக்குப் போனபோது, குட்டிக்குப் பெயர் கடுக்கா, அதற்கே ஊசி போட்டுவிட்டேன் என்று அலமேலுவிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

இரண்டாவது ஊசித் தேதி புதன்கிழமையில் விழுந்தது. புதன்கிழமை நான் மலையில். வியாழக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மீட்டிங். வெள்ளிக்கிழமை போகலாம் என்றேன். அவர், "போன வாட்டி மாதிரி சுருண்டுக்கும். இன்னும் கொஞ்சம் பெருசாவட்டும், அப்பறம் போட்டுக்கலாம்" என்றார். இதே வார்த்தையை மலையில் எந்த அப்பனாவது சொல்லியிருந்தால் நான் ஆடித் தீர்த்திருப்பேன். என் வீட்டில் நான் சொன்ன பதில், "சரி." அசதி ஒரு பக்கம். நாய்தானே என்பதும் ஒரு பக்கம், இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது. இரண்டு வாரம் அப்படியே ஓடிப்போனது.

ஒரு வியாழக்கிழமை காலையில் செருப்பு வாசலில் விட்ட இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குச் சுருக்கென்றது. கடுக்கா தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஈரத் தரையில் படுத்திருந்தது. பக்கத்தில் மஞ்சளாக நுரை. கூப்பிட்டால் வால் நுனி மட்டும் அசைந்தது.

"வயித்துப் பூச்சியா இருக்கும்" என்றார் அவர். பக்கத்து வீட்டுக்காரரும் பூச்சிதான் என்றார். நானும் பூச்சி என்றே நம்பி, வீட்டில் மிச்சமிருந்த பூச்சி மருந்தை ஊற்றினேன். ஊற்றினது ஊற்றினபடி வெளியே வந்தது. இந்த இடத்தை நாய் வளர்க்கிறவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். குட்டி நாய் சாப்பிடாமல், வாந்தியும் எடுத்து, சோர்ந்தும் கிடந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நாங்கள் ஒரு முழு நாளைத் தொலைத்தோம்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது ரத்தமாகக் கழிந்திருந்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. எத்தனையோ பேதி கேஸ் பார்த்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் டிவிஎஸ்ஸை ஓட்டினார். கள்ளக்குறிச்சி போய்ச் சேருகிறவரை நான் துண்டை விலக்கி விலக்கி மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மா துண்டைப் பிரித்துப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை ஊசி போட்டிருக்கீங்க?"

"ஒண்ணு."

"ரெண்டாவது?"

நான் ஆரோக்கியசாமியைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

டீச்சர் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவும் இல்லை. அதற்காகவே அவர் நன்றாயிருக்க வேண்டும்.

மலத்தைக் குச்சியில் தொட்டு, ஒரு மருந்தில் கலக்கி, சின்ன அட்டையில் சொட்டு விட்டார். கொரோனா காலத்தில் எங்களை வைத்து ஊர் மூக்கில் எல்லாம் குச்சி விட வைத்தார்களே, அதே மாதிரி அட்டைதான். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் இருக்கிறது. இரண்டாவது கோடு சந்தேகத்துக்கே இடமில்லாமல் வந்து நின்றது. பார்வோ.

அது ஒரு வைரஸ். குட்டி நாய்களின் குடல் உள்தோலை அரித்துவிடும். குடிக்கிற தண்ணீர் உடம்பில் ஒட்டாது, வாந்தியிலும் கழிச்சலிலும் போய்விடும். நோயை எதிர்க்கிற ரத்த வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். கடுக்காவுக்கு ரத்தப் பரிசோதனையில் அந்த அணுக்கள் ரொம்பக் கம்மியாக இருந்தன. "இந்த வைரஸக் கொல்ல நேரடியா மருந்து கிடையாதும்மா" என்றார் டாக்டரம்மா. "தண்ணிச் சத்து வத்தாம டிரிப்ஸ் போட்டுக்கிட்டே இருக்கணும். வாந்திய நிறுத்தணும். வேற கிருமி உள்ள புகுந்துடாம ஆன்டிபயாடிக் குடுக்கணும். சண்டைய அதுதான் போடணும், நாம கூட நிக்கலாம்."

ஒரு ஊசி போட்டும் ஏன் வந்தது என்று அவர் கேட்டார். அவர் என்றால் ஆரோக்கியசாமி. தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் கொஞ்ச நாள் இருக்கும். அது இருக்கும்வரை முதல் ஊசியைச் சரியாக வேலை செய்ய விடாது. அது எப்போது வடியும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் சில வாரங்களுக்கு ஒரு தடவை, நாலு மாதம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒன்று போட்டுவிட்டு நிறுத்தினால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. இந்த விளக்கத்தையெல்லாம் கேட்டபோது, இதையே குழந்தைகளுக்குத் தகுந்த மாதிரி மாற்றி நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று நினைத்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பக்கத்துல எங்கியாவது குட்டிங்க செத்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டபோதுதான் எனக்கு அந்தப் புதன்கிழமை ஞாபகம் வந்தது.

எட்டு ஒன்பது நாளைக்கு முன்னால், மலையில், அலமேலு வீட்டுக்குப் பக்கத்து வாசலில் இரண்டு குட்டிகள் கழிந்துகொண்டு கிடந்தன. ஒன்று செத்திருந்தது. வாசல் முழுக்க ஈரம். நான் அதை மிதித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போனேன். என் தொழில் புத்தி என்ன செய்தது தெரியுமா? "பசங்களுக்கு யாருக்காவது பேதி உண்டா?" என்று கேட்டது. இல்லை என்றார்கள். நோட்டில் 'இல்லை' என்று எழுதினேன், திருப்தியாக வந்துவிட்டேன். மனுஷப் பிள்ளைகளுக்குப் பேதி இல்லை, அதோடு என் வேலை முடிந்தது. எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டேன். கடுக்கா தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஆசை தீரக் கடித்தது.

இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். செருப்பில், டயரில், தட்டில், கையில் ஏறி வரும். பினாயில் போட்டால் சாகாது, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீருக்குத்தான் அடங்கும். ஆக, மலைக்கு ஊசி சுமந்துபோகிற நானே நோயைச் சுமந்து வந்து என் குட்டிக்கு ஊட்டியிருக்கிறேன். அப்போது அழுதேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை.

நாய்களைத் தங்க வைத்துப் பார்க்கிற வசதி அங்கே கிடையாது. காலையில் கொண்டுபோய், பகல் முழுக்க டிரிப்ஸ் ஏற்றி, சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிவர வேண்டும். ஒட்டுகிற நோய் என்பதால் உள்ளே மற்ற நாய்களோடு உட்கார விடவில்லை. பின்பக்கம் தள்ளி ஒரு புங்கமரம். பாட்டிலைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, கீழே கோணிப்பை விரித்து, நானும் கடுக்காவும் குடியேறினோம். முன்னங்காலில் ரோமத்தை மழித்து நரம்பில் குழாய் செருகும்போது, "நீங்கதான் பழக்கப்பட்டவங்களாச்சே, காலப் புடிச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா. எத்தனை பிள்ளைகளின் தொடையில் ஊசி குத்தியிருப்பேன், கணக்கே கிடையாது. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். தாய்மார்கள் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது நாள், ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஒருவர் வயிறு உப்பிய ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். எட்ட நின்று கேட்டார், "இன்னா நோவுங்க?"

"பார்வோ."

"ஆட்டுக்கு ஒட்டுங்களா?"

"ஒட்டாது."

"அப்ப நான் இங்கியே ஒக்காந்துக்கறேன். அங்க நெழலு கம்மி."

அவர் குந்துவதற்குள் எனக்கு உறைத்தது. "வூட்ல நாய் கீதாங்க?"

"ரெண்டு கீது. ஒண்ணு குட்டி."

"ஊசி போட்டீங்களா?"

"அதுக்கு எதுக்குங்க ஊசி? அது பாட்டுக்குச் சோறு துன்னுக்கினு கெடக்குது."

"எழுந்திரிங்க" என்றேன். "உங்க காலோட வூட்டுக்குப் பூடும். அந்தாண்ட போங்க. போறப்ப காலக் கழுவிக்கினு போங்க." மனுஷன் ஆட்டை இழுத்துக்கொண்டு வெயிலுக்கே ஓடிவிட்டார். கடுக்காவுக்கு அருகில் உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நிலையிலும் என் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்து கொஞ்சம் தெம்பாக இருந்தது.

அன்று மத்தியானம் அலமேலுவுக்கு ஃபோன் போட்டேன். அவள் ஊரில் ஒரு பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். மூன்று தடவை போட்டு நாலாவது தடவை எடுத்தாள். செத்த குட்டிகளை ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னேன், வாசலுக்கு ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றச் சொன்னேன், மிச்சமிருக்கிற குட்டிகளை வேறெங்கும் கொடுத்துவிட வேண்டாம் என்றேன்.

"கடுக்கா எப்பிடி கீது?" என்றாள்.

"அதுக்கும் வந்துடுச்சு."

"அய்யோ பாவம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஊசியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாவது நாள்தான் மோசம். ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. காது ஜில்லென்று இருந்தது. கூப்பிட்டால் வால் நுனிகூட அசையவில்லை. டாக்டரம்மா டிரிப்ஸை மாற்றினார், சர்க்கரை ஏற்றினார், நாடி பார்த்துவிட்டு, "இன்னிக்கித் தாண்டட்டும்மா" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தையை நானும் ஆஸ்பத்திரிகளில் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்கிறபோது இவ்வளவு கனமாக இருந்ததில்லை.

அன்று வீட்டில் ஆரோக்கியசாமி வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கடுக்காவின் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, சமையலறைத் தரையிலேயே படுத்துவிட்டார். தரையெல்லாம் ப்ளீச்சிங் நெடி. ஆறும்போதெல்லாம் எழுந்து தண்ணீர் சுட வைத்தார். என்னைத் தூங்கச் சொல்லிவிட்டு அவர் தூங்கவில்லை. விடியக்காலையில் நான் எழுந்து வந்தபோது ஜெபமாலை அவர் கையில் இருந்தது. கோவிலுக்கு வாங்க என்றால் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வருகிற மனுஷன்.

"நான்தான் வேணான்னேன்" என்றார் என்னைப் பார்க்காமல்.

"நீங்க சொன்னீங்க. நான்தானே சரின்னேன்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தப்பை நாங்கள் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த நிமிஷம் அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

நாலாவது நாள் வாந்தி நின்றது. ஐந்தாவது நாள் கால் பிளாஸ்திரியை நக்கியது. அன்றைக்கு ரிஷிவந்தியத்துக்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஆடு இல்லை. டிவிஎஸ் முன்னால் ஒரு பையில் குட்டி, பின்னால் அவர் மகன் மடியில் பெரிய நாய். "எங்க போடறாங்க ஊசி?" என்று தெருவிலிருந்தே கத்திக் கேட்டார். "கிட்ட வராதீங்க, முன்வாசல்ல போங்க" என்று நானும் கத்தினேன். அந்தச் சத்தத்துக்குக் கடுக்கா தலையைத் தூக்கிப் பார்த்து, ஒரே ஒரு தடவை, கிழிந்த குரலில் குரைத்தது. டாக்டரம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

ஏழாவது நாள் வேகவைத்த கோழிச் சாற்றில் கரைத்த சோறு, ஒரு கரண்டி, உள்ளே போய் உள்ளேயே தங்கியது. நானும் அவரும் அரை மணி நேரம் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பதாவது நாள் குழாயைக் கழற்றிவிட்டார்கள். பில்லை அவர் வாங்கிப் படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதில் ஒரு துளியில் மூன்று ஊசியும் முடிந்திருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் என் செருப்பைக் காணவில்லை. ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறப் போட்டு, நிறம் திட்டுத் திட்டாக வெளுத்து, இனி வேலைக்குப் போட்டுப் போக முடியாது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். எலும்பும் தோலுமாக ஒன்று, வெளுத்த செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து உறுமியது. எடுத்துக்கொள்ளடி என்று விட்டுவிட்டேன். வேலைக்குப் புதுச் செருப்பு வாங்கினேன், அது இப்போது ஆணியில் உயரத்தில் தொங்குகிறது.

பிழைத்த குட்டி இன்னும் சில வாரம் மலத்தில் வைரஸை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதனால் தெருவுக்கு விடாமல் வைத்திருந்தோம். ஒரு மாதம் கழித்து, டாக்டரம்மா சரி என்ற பிறகு, இரண்டாவது ஊசி போட்டோம். கடுக்கா மறுநாள் சோர்ந்து படுத்தது. ஆரோக்கியசாமி வாயைத் திறக்கவில்லை. அடுத்து வெறிநாய்க்கடி ஊசி இருக்கிறது. வளர்ந்த பிறகு கருத்தடை ஆபரேஷனும் செய்துவிட வேண்டும் என்று அவரே சொல்கிறார். யாரும் எடுக்காத பொட்டைக் குட்டிகளை ரோட்டோரம் விடுகிற வேலை இந்த வீட்டுக்கு வேண்டாம்.

அதற்கடுத்த புதன்கிழமை மலைக்குப் போகும்போது கடுக்காவின் அட்டையைப் பையில் எடுத்துக்கொண்டேன். அலமேலுவின் மகளுக்கு இரண்டாவது ஊசி இன்னும் போடவில்லை. இரண்டு தடவை போயும் குழந்தையைக் கண்ணில் காட்டவில்லை. பார் அலமேலு, ஊசி போடாமல் விட்டதால் என் நாய் என்ன பாடு பட்டது என்று கதை சொல்லி அவளை மடக்குவது என் திட்டம். எங்கே தவறியது, யார் தவறவிட்டது என்பதை மட்டும் லேசாகத் தாண்டிப் போய்விடலாம் என்று பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அங்கன்வாடி வாசலில் ஐந்தாறு தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அலமேலு வெறுங்கையோடு பலாமரத்தடியில் நின்றாள்.

"கடுக்கா பொழச்சிக்கிச்சா?"

ஃபோனில் படத்தைக் காட்டினேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அலமேலு முகம் மலர்ந்தது. அடுத்து கேட்டாள் பாருங்கள்.

"அதுக்குந்தான் ஊசி போட்டன்னு சொன்னியே. அப்பறம் எப்பிடி நோவு வந்துச்சு?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மடியில் பிள்ளை வைத்திருந்தவர்கள்கூட. நான் இப்போது மழுப்பினால், ஊசி போட்டாலும் நோய் வரத்தான் வரும் போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அலமேலு மட்டுமில்லை, வந்து உட்கார்ந்திருக்கிறவர்களும் எழுந்து போய்விடலாம். உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷம் இந்த ஊரில் நான் கத்தின கத்தலுக்கெல்லாம் என்ன மரியாதை?

"ஒண்ணுதான் போட்டேன்" என்றேன். "ரெண்டாவதுக்குத் தேதி வந்துச்சு. நான் கூட்டிக்கினு போவல."

"ஏன்?"

"மொத ஊசிக்கி ஒரு நாள் சுருண்டு படுத்துச்சு. எங்க வூட்டுக்காரரு பாவமா கீது, அப்பறம் போட்டுக்கலான்னாரு. நானும் சரின்னுட்டேன்."

அலமேலு சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குக் காது சிவந்தது. ஆனால் கோபம் வரவில்லை. அன்றைக்கு உன்னை அத்தனை பேர் முன்னால் அப்படித் திட்டியிருக்கக் கூடாது அலமேலு என்று சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அட்டைய குடு" என்றாள்.

கொடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, கட்டம் தெரியும். விரல் வைத்துப் பார்த்தாள். "ரெண்டுல எழுதிக்கீது. மூணாவது சும்மா கீதே?"

"அடுத்த மாசம்."

"மறந்துடுவ நீ" என்றாள். அட்டையை என் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் குழந்தை, கையில் குழந்தையின் அட்டை.

"போடு. காச்ச வந்தா ஒரு நாள் சுருண்டு படுத்துக்கினு எழுந்துக்கட்டும். அவரு கேட்டா நர்சம்மா வூட்டு நாய் கதையச் சொல்லிக்கறேன்."

போட்டேன். குழந்தை வீறிட்டது. அலமேலு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காய்ச்சல் மருந்தைக் கொடுத்தேன். குழந்தையின் அட்டையில் மூன்றாவது கட்டத்தில் அடுத்த மாதத்துப் புதன்கிழமை ஒன்றை எழுதினேன். அலமேலு நகரவில்லை.

"நாயிதுலயும் எழுது. என் எதுருலயே எழுது."

கடுக்காவின் அட்டையை எடுத்து, அதே புதன்கிழமையை எழுதப் போனேன். அவள் பேனாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதுக்கு வியாழக்கெழம எழுது நர்சம்மா. புதங்கெழம நீ எங்களுக்கு வேணும்."